ஆறு முதல் பத்து வரை: முழுமையான கலைத்திட்டத்தை ஒரு பள்ளி எப்படி அமைக்கலாம்?

ஒரு பள்ளியின் கலைத்திட்டம் (ஆங்கிலத்தில் கரிகுலம்) எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், சேர்க்கை நேரத்தில் அது அச்சடித்துக் கொடுக்கும் வண்ணத் தாளைப் பார்க்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பின் டைம்டேபிளில் பி.டி. பீரியட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் அந்த நேரத்தில் மைதானத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். பல பள்ளிகளில் இருக்க மாட்டார்கள். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ அந்த பீரியடைக் கேட்டு வாங்கியிருப்பார். ஓவியம், நூலகம், கைத்தொழில் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்: காகிதத்தில் பத்துப் பாடம், நடப்பில் ஐந்து. ஒரு பாடத்துக்கு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தை யாரும் எடுத்துக்கொள்ளாதபடி காத்து, பிள்ளை அதில் என்ன கற்றது என்று ஒருவர் கவனித்துப் பார்த்தால்தான் அது கலைத்திட்டத்தில் உண்மையாகவே இருக்கிறது என்று சொல்ல முடியும் என்பது என் உறுதியான எண்ணம். நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள், சின்னப் பள்ளி நடத்துகிறவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகி அங்கே என்ன கேட்பது என்று யோசிக்கும் பெற்றோர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்கள் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து வரும்.

பாடநூலை அரசு கொடுக்கிறது, பிறகு பள்ளிக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வி நியாயமானது. 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. எந்த வகுப்பில் என்ன பாடம், எந்தப் பருவத்தில் எந்த அலகு என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. ஆனால் அது பாடத்திட்டம், அதாவது உள்ளடக்கத்தின் பட்டியல். அந்தப் பட்டியல் வாரத்தில் எத்தனை மணி நேரத்தில், எந்த வரிசையில், எந்த முறையில், எந்தப் பாடத்தோடு சேர்ந்து ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது, சேர்ந்ததா என்று எப்படிப் பார்க்கிறோம் என்பது எல்லாம் சேர்ந்ததுதான் கலைத்திட்டம். ரால்ஃப் டைலர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1949இல் இதை நான்கு கேள்விகளாகச் சுருக்கினார். எதற்காகக் கற்பிக்கிறோம், அதற்கு என்ன அனுபவங்களைக் கொடுக்கிறோம், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துகிறோம், நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிகிறோம். இன்றைக்கும் ஒரு ஆசிரியர் கூட்டத்தைத் தொடங்க இதைவிட நல்ல கேள்விகள் எனக்குத் தெரியாது. இரண்டாவது கேள்வியில் பாதியை அரசு பார்த்துக்கொள்கிறது, மீதி எல்லாமே பள்ளியின் கையில்தான்.

அந்த முதல் கேள்வியை, எதற்காக என்பதை, ரொம்பப் பெரிய வார்த்தைகளில் எழுதி வைக்காதீர்கள். 'சிறந்த குடிமக்களை உருவாக்குதல்' என்று எழுதினால் மறுநாள் காலை வகுப்பில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. பத்தாம் வகுப்பு முடித்து வெளியே போகும் பிள்ளையால் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று கேளுங்கள். தெரியாத ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு பக்கம் தமிழில் வாசித்து அதன் சாரத்தை ஐந்து வரியில் எழுத முடிய வேண்டும், ஆங்கிலத்தில் வந்த ஒரு படிவத்தை யாரையும் கேட்காமல் நிரப்ப முடிய வேண்டும், கடன் கொடுக்கிறவர் சொல்லும் வட்டி உண்மையில் எவ்வளவு என்று கணக்குப் போட முடிய வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மருத்துவச் செய்தியை நம்பலாமா என்று சோதிக்கத் தெரிய வேண்டும், பத்துப் பேர் முன் நின்று தன் கருத்தைச் சொல்ல வேண்டும், ஏதாவது ஒரு விளையாட்டை, ஏதாவது ஒரு கலையைத் தானாக விரும்பிச் செய்ய வேண்டும். இப்படிப் பதினைந்து இருபது வாக்கியங்கள் போதும். எல்லா ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பதினொன்று வயதும் பதினைந்து வயதும் ஒன்றல்ல

ஆறாம் வகுப்பில் நுழையும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் நடக்கின்றன. அதுவரை ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுத்திருப்பார், அவருக்கு அந்தக் குழந்தையின் வீடு வரை தெரியும். இப்போது பாடத்துக்கு ஒருவர். தொட்டுப் பார்த்து எண்ணிய கணக்கு எழுத்தாக மாறுகிறது, எக்ஸ், ஒய் என்று வருகிறது, மைனஸ் எண்கள் வருகின்றன. உடம்பு மாறத் தொடங்குகிறது. கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு எட்டு முடிந்ததும் பள்ளியே மாறுகிறது, நடந்து போனவர்கள் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

அதனால் 6 முதல் 8 வரை அகலமாகவும், 9, 10இல் கொஞ்சம் ஆழமாகவும் போவது நல்லது என்று நினைக்கிறேன். நடுநிலை வகுப்புகளில் பிள்ளை பலவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தனக்கு மரவேலை வருமா, நாடகம் வருமா, வானத்தைப் பார்க்கப் பிடிக்குமா என்பது பன்னிரண்டு வயதில் யாருக்கும் தெரியாது, செய்து பார்த்தால்தான் தெரியும். பத்தாம் வகுப்பின் பொதுத்தேர்வு அழுத்தத்தை ஆறாம் வகுப்புக்கே இறக்குவது அந்த வாய்ப்பைப் பறிப்பதுதான்.

நேரத்தில் இருந்து தொடங்குங்கள்

கலைத்திட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் நோக்கம், விழுமியம் என்று நிறையப் பேசுவார்கள், கணக்குப் போட மாட்டார்கள். நாம் போடுவோம்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள், 1,000 மணி நேரக் கற்பித்தல் என்று சொல்கிறது. நாளுக்கு 40 நிமிடத்தில் 8 பீரியட் என்றால் 5 மணி 20 நிமிடம், 220 நாளுக்கு ஏறத்தாழ 1,170 மணி நேரம் வருகிறது. ஆக, காகிதத்தில் நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் 220 நாள் என்பது 44 வாரம். பருவத் தேர்வுகள், அதற்கு முந்தைய திருப்புதல், விளையாட்டு விழா, ஆண்டு விழா, ஐப்பசி கார்த்திகையில் மழை விடுமுறை, ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாட்கள் எல்லாம் போனால் நிம்மதியாகப் பாடம் நடத்த 30 வாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் பாதுகாப்பு. வாரத்துக்கு 40 பீரியட், 30 வாரம், ஆக 1,200 பீரியட். இதுதான் உங்கள் முழுச் சொத்து.

ஏழாம் வகுப்புக்கு நான் பங்கிடுவதானால் தமிழ் 6, ஆங்கிலம் 6, கணிதம் 7, அறிவியல் 6, சமூக அறிவியல் 5 என்று முப்பதை இவற்றுக்குக் கொடுப்பேன். மீதிப் பத்தில் உடற்கல்விக்கு 3, ஓவியம், இசை, நாடகம் சுழற்சிக்கு 2, கைவேலைக்கு 2, நூலகத்துக்கு 1, கணினிக்கு 1, வகுப்புக் கூட்டத்துக்கு 1. பத்தாம் வகுப்பில் 34க்கு 6 என்று இறக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. சிலர் இதைப் பார்த்துவிட்டு உடற்கல்விக்கு மூன்றா என்பார்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சராசரியாகத் தினமும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, நாம் வாரத்துக்கே 120 நிமிடம்தான் கொடுக்கிறோம்.

எந்தப் பாடமும் ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கோடு போடுவது மிகவும் பயனுள்ள வழி. பல நாட்டுப் பள்ளிகளுக்குக் கலைத்திட்டம் வகுத்துக் கொடுக்கும் இன்டர்நேஷனல் பேக்கலரியேட் அமைப்பின் நடுநிலைத் திட்டத்தில் எட்டுப் பாடக் குழுக்கள் உண்டு. கலையும் உடற்கல்வியும் வடிவமைப்பும் அதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் என்பது அவர்கள் விதி. அந்தப் பள்ளிகளின் கட்டணம் நமக்கு எட்டாததாக இருக்கலாம், அந்த விதியைக் கடன் வாங்க யாரும் காசு கேட்க மாட்டார்கள். நம் அட்டவணையில் வாரம் 2 பீரியட் கலைக்குப் போட்டால் 30 வாரத்தில் 40 மணி நேரம் ஆகிறது, கிட்டத்தட்ட வந்துவிடுகிறோம்.

ஆள் வேண்டுமே என்று கேட்பீர்கள். 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் நடுநிலைப் பிரிவில் கலைக்கும், உடல்நலம்-உடற்கல்விக்கும், பணிக் கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று முன்பு சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் அப்படிப் பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை அலுவலக வேலைக்கும் ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்வதற்கும் அனுப்பாமல் அவருடைய பாடத்தை நடத்த விடுங்கள். ஆள் இல்லாத பள்ளி உள்ளூர்க் கலைஞரை அழைக்கலாம், ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிட்டால் அடுத்த மாதம் அவர் வருவது கஷ்டம்.

எது முதலில், எது பின்னால்

ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1960 வாக்கில் முன்வைத்த ஒரு யோசனை சுருள் கலைத்திட்டம் எனப்படுகிறது. ஒரே கருத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவது, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே. நம் பாடநூல்களிலும் இது இருக்கிறது, ஆனால் ஐந்து வகுப்பு நூல்களையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தால்தான் தெரியும். விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும், ஏழில் நேர், எதிர் விகிதம், அதே ஆண்டில் சதவீதமும் தனிவட்டியும், எட்டில் கூட்டுவட்டி, ஒன்பதில் முக்கோணவியல். முக்கோணவியலும் விகிதம்தான், ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் உள்ள விகிதம். சைன், காஸ் என்று கேட்டதும் பயப்படுகிற பிள்ளைக்குப் பல சமயம் பிரச்சினை ஆறாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்கும். இந்தச் சங்கிலி தெரிந்த கணக்கு ஆசிரியர் ஆறாம் வகுப்பின் விகிதப் பாடத்துக்கு இன்னும் நான்கு பீரியட் கூடுதலாகச் செலவழிப்பார். அவர் கையிலிருப்பது நான்கு வருடத்துக்கான அடித்தளம்.

இது ஒரே பாடத்துக்குள். பாடங்களுக்கு இடையே பார்த்தால் இன்னும் வேடிக்கையான இடைவெளிகள் தெரியும். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கம் பற்றிய பாடத்தில் திசைவேகம்-காலம் வரைபடம் வருகிறது, அதன் சாய்வுதான் முடுக்கம் என்கிறோம். கணக்கில் ஒரு கோட்டின் சாய்வு முறையாக வருவது பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில். சாய்வு என்றால் என்ன என்று தெரியாமலேயே முடுக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை. நூலை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பின் கணக்கு ஆசிரியர் அந்தப் பாடத்துக்கு முந்தைய வாரம் இரண்டு பீரியட் எடுத்து, எவ்வளவு தூரம் பக்கவாட்டில் நகர்ந்தால் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பள்ளியின் சாய்தளத்தையே அளந்து காட்டிவிட்டால் அறிவியல் ஆசிரியருக்கு ஒரு வாரம் மிச்சம்.

இதற்கெல்லாம் வழி ஒன்றுதான். மே மாதத்தில் ஒரு நாள் எல்லா ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒரு பெரிய சார்ட்டில் மேலே ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதங்கள், பக்கவாட்டில் பாடங்கள், கட்டங்களுக்குள் அலகுகள். எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் தன் பாடத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது எது என்று வேறு நிறப் பேனாவில் குறிக்க வேண்டும். புவியியல் ஆசிரியர் 'வரைபட அளவை எடுக்கும்போது விகிதம் முடிந்திருக்க வேண்டும்' என்பார், ஆங்கில ஆசிரியர் 'கடிதம் எழுதுவதைத் தமிழில் முதலில் எடுத்துவிடுங்கள், நான் அதன்மேல் ஆரம்பிக்கிறேன்' என்பார். ஒரே வளாகத்தில் பத்து வருடம் வேலை பார்த்தும் இந்தப் பேச்சு நடக்காத பள்ளிகள் உண்டு.

பாடங்களைச் சேர்ப்பது: ஒரு ஏரி

பாடங்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று ஒரு உதாரணத்தோடு பார்த்துவிடுவோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு, அக்டோபரில் மூன்று வாரம், கரு: நம் ஊர் ஏரி. சிவகங்கை, ராமநாதபுரம் என்றால் கண்மாய்.

முதல் வாரம் ஏரியைப் போய்ப் பார்ப்பது. கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் எல்லாம் எங்கே இருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று படம் வரைவது. மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் வேலையை முன்பு யார் செய்தார்கள், இப்போது யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது. இந்தப் பேட்டி எழுதுவதுதான் தமிழ்ப் பாடத்தின் பங்கு, தேர்வுக்கான கட்டுரையைவிட நூறு மடங்கு உயிருள்ள எழுத்து அதில் வரும். தமிழாசிரியர் விரும்பினால் நீரைத் தேக்கி வைக்கும்படி பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்ன புறநானூற்றின் 18ஆம் பாடலை அந்த வாரத்தில் எடுக்கலாம்.

கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதை ஒரு தட்டும் அளவு ஜாடியும் வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர், ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்று வைத்தால் 1,80,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது, நம் பள்ளியின் குழாய் எங்கே போகிறது என்று பிள்ளைகள் தேடட்டும். அறிவியல்: ஏரி நீரைப் பாட்டிலில் எடுத்து வண்டல் படிய எவ்வளவு நேரம் ஆகிறது, படிகாரம் போட்டால் எவ்வளவு, திறந்த தட்டிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு ஆவியாகிறது.

சமூக அறிவியலுக்குத்தான் இதில் பெரிய விருந்து. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒரு குழு. ஆயிரம் வருடத்துக்கு முன்பே தேர்தல் என்று பெருமைப்பட்டுக்கொண்டு பாடத்தை முடித்துவிடுவதுதான் வழக்கம். அதோடு நிறுத்தக் கூடாது. அதில் யார் நிற்க முடியும் என்று கேளுங்கள். வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ளவர்கள், 35 வயதுக்கு மேல் 70க்குள். பெண்களுக்கு இடம் இல்லை, நிலம் இல்லாதவர்களுக்கு இடம் இல்லை. அந்த ஏரியில் தூர் வாரியவர்கள் யாராக இருந்திருப்பார்கள்? இன்றைய ஊராட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் திருத்தியது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசட்டும். இப்படிப் பேசப் பழகுவதைத்தான் நான் சமூக அறிவியல் என்பேன்.

மூன்றாம் வாரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு அறிக்கை. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம், அன்றைக்குக் கிராம சபை உண்டு. வாக்காளர்களான பெற்றோர் வழியாக அந்த அறிக்கையை மனுவாகக் கொடுக்கலாம். ஆசிரியர் திருத்திவிட்டு மூலையில் போடும் ப்ராஜெக்டுக்கும் ஊராட்சித் தலைவர் வாசிக்கப்போகிற அறிக்கைக்கும் பிள்ளைகள் காட்டும் அக்கறையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை வருடம் முழுக்கச் செய்ய முயலாதீர்கள். பின்லாந்து 2016 முதல் நடைமுறைப்படுத்திய கலைத்திட்டத்தில்கூடப் பல பாடங்கள் சேர்ந்த அலகு ஆண்டுக்குக் குறைந்தது ஒன்று என்றுதான் கேட்கிறார்கள். அல்ஜீப்ராவையும் இலக்கணத்தையும் வலிந்து ஏரிக்குள் இழுத்து வர வேண்டியதில்லை, அவற்றுக்குத் தனியான, பொறுமையான பயிற்சி வேண்டும்.

கைவேலை: இதில் கவனம் வேண்டும்

கையால் செய்வதும் கல்விதான் என்பது 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் உயிர்நாடி. நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது 1953ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்துப் பெரும் போராட்டம் எழுந்தது, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் சொன்னது சரி. செருப்புத் தைப்பவர் பிள்ளைக்குச் செருப்பையும் அர்ச்சகர் பிள்ளைக்கு மந்திரத்தையும் கொடுக்கும் ஏற்பாடு கல்வியாகாது.

ஆகவே உங்கள் பள்ளியில் கைவேலை வைக்கும்போது ஒரு விதியை உறுதியாகப் பிடியுங்கள்: எல்லோரும் எல்லாமும். பையன்கள் தையலும் சமையலும், பெண் பிள்ளைகள் ப்ளக் மாட்டுவதும் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதும், எல்லோரும் தோட்டமும் மரவேலையும். எந்தக் குழந்தைக்கும் அதன் அப்பா அம்மாவின் தொழிலை வைத்து வேலை ஒதுக்கக் கூடாது. வகுப்பறை பெருக்குவதும் அப்படித்தான். யார் பெருக்குகிறார்கள், யார் தண்ணீர் எடுத்து வருகிறார்கள், யாரை மட்டும் கழிப்பறைப் பக்கம் அனுப்புகிறார்கள் என்பதிலிருந்து பிள்ளைகள் கற்பது எந்தப் பாடநூலிலும் இல்லை, ஆனால் அதை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

கலைக்கும் இதே விதி. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடக்கிறது, நல்ல விஷயம், எத்தனையோ பிள்ளைகளை மேடையேற்றியது. ஆனால் போட்டி ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளையைத்தான் தேடிப் பிடிக்கும். ஆடத் தெரியாத, கூச்சப்படுகிற முப்பது பேருக்கு வாரம் இரண்டு பீரியட்தான் கதி.

பின்தங்கிய பிள்ளையை வைத்துச் சோதியுங்கள்

26 மாநிலங்களின் 28 கிராமப்புற மாவட்டங்களில் 14 முதல் 18 வயதினரிடம் அசர் (ASER) என்ற கல்வி ஆய்வு அமைப்பு 2023இல் எடுத்த ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தியைத் தங்கள் வட்டார மொழியில் தடங்கலில்லாமல் வாசிக்க முடியவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தடுமாறினார்கள். உங்கள் எட்டாம் வகுப்பிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும். இவர்களுக்கு ஜூன் மாதம் முழுக்க வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கொடுப்பது போர்ஷனைத் தாமதப்படுத்தும் என்பார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியல் போர்ஷன் முடிந்தால் என்ன, முடியாவிட்டால் என்ன? அதே சமயம் பின்தங்கியவர்களை விளையாட்டு பீரியடில் உட்கார வைத்து வாய்ப்பாடு எழுத வைப்பது பெரிய அநியாயம். அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் தலைநிமிர்ந்து நிற்கக் கிடைத்த ஒரே இடம் அந்த மைதானமாக இருக்கலாம்.

மதிப்பீடு

பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. அந்த 25 இருப்பதால்தான் பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு ஆய்வகம் திறக்கிறது. ஏழாம் வகுப்புக்கு அப்படி எதுவும் இல்லாததால் சாவி தலைமையாசிரியர் அறையிலேயே தொங்குகிறது. பார்க்கப்படுவதுதான் நடத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் வந்த முப்பருவ முறை பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தது நல்ல யோசனை. அதில் செயல்பாடுகளுக்கான 20 மதிப்பெண் கடையில் வாங்கி ஒட்டிய சார்ட்டாகவும் அம்மா இரவு பதினொரு மணிக்குச் செய்து கொடுத்த மாடலாகவும் மாறிப்போனது வருத்தம். அந்தச் செயல்பாடுகள் வகுப்பறைக்குள், ஆசிரியர் கண் முன்னே நடக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பவே கூடாது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே அந்த 20க்கு மதிப்பு வந்துவிடும்.

கேள்வித்தாளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மனப்பாடம் செய்து எழுதக் கூடியவை எத்தனை மதிப்பெண், புதிய சூழலில் யோசித்து எழுத வேண்டியவை எத்தனை. பள்ளிக்குள் நடக்கும் தேர்வுகளிலாவது 100க்கு 30 இரண்டாவது வகையாக இருக்கலாம். கலைக்கும் உடற்கல்விக்கும் மதிப்பெண் போட வேண்டாம் என்பது என் கருத்து. பருவத்துக்கு ஒருமுறை ஆசிரியர் நான்கு வரி எழுதட்டும், 'ஜூனில் பந்தைப் பார்த்து ஒதுங்கினாள், இப்போது கோகோவில் தானாக வந்து நிற்கிறாள்' என்பது போல. பெற்றோருக்கு அது எந்த கிரேடைவிடவும் அதிகம் சொல்லும்.

எங்கிருந்து தொடங்குவது

பள்ளி முழுக்க ஒரே வருடத்தில் மாற்ற முயன்றால் ஆகஸ்டுக்குள் எல்லோரும் சோர்ந்துவிடுவார்கள். ஏழாம் வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் அந்த ஒரு நாள் கூட்டம், அக்டோபரில் ஒரு சேர்ந்த அலகு, வாரத்தில் காப்பாற்றப்பட்ட பத்து பீரியட், இவ்வளவுதான் முதல் வருடம். அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, எந்த பீரியட் எந்தக் காரணத்துக்காக வேறு பாடத்துக்குப் போனது என்று வகுப்புத் தலைவர் எழுதட்டும், ஆசிரியர்கள் கையெழுத்துப் போடட்டும், யாரையும் குற்றம் சொல்ல அல்ல, கணக்குத் தெரிய. ஏப்ரலில் அந்த நோட்டைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, எந்தப் பாடம் அதிகம் இழந்திருக்கிறதோ அதற்கு அடுத்த ஜூன் டைம்டேபிளில் காலை முதல் அல்லது இரண்டாவது பீரியடைக் கொடுங்கள்.